‘எழுதியவர்: ஸ்டான் லீ’ என்றால் என்ன அர்த்தம்? பழைய மார்வெல் இதழ்களைப் புரிந்து வாசிக்க

பழைய மார்வெல் காமிக்ஸ் பற்றிப் பேச்சு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சி ஆகிவிடும். படங்களில் ஒரு நொடி தலைகாட்டிவிட்டுப் போகும் கண்ணாடிக்காரப் பெரியவர் ஸ்டான் லீதான் ஸ்பைடர்மேன் முதல் தோர் வரை எல்லாவற்றையும் தனியாளாக உட்கார்ந்து உருவாக்கினார் என்று ஒரு கட்சி நம்புகிறது. இன்னொரு கட்சி இணையத்தில் கொஞ்சம் தோண்டிப் பார்த்திருக்கும். ஸ்டான் லீ எதுவுமே செய்யவில்லை, ஓவியர்களின் உழைப்பில் பேர் வாங்கிக்கொண்டார் என்பது அதன் வாதம். 1960களில் அந்த இதழ்கள் எப்படித் தயாராயின என்பதை இரண்டு பக்கமும் கணக்கில் எடுப்பதே இல்லை.

அது தெரியாமல் ஒரு பழைய இதழுக்கு விமர்சனம் எழுதினாலும் இதே குழப்பம்தான். ‘கதை அற்புதம், ஓவியமும் பரவாயில்லை’ என்று எழுதுகிறோம். அந்தக் ‘கதை’யை யோசித்தவரே ஓவியராக இருந்தால்? அன்றைய மார்வெலில் இது அடிக்கடி நடந்தது.

டைட்டில் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள்

தமிழ் சினிமா பார்க்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நம் படங்களின் தொடக்கத்தில் கதை, திரைக்கதை, வசனம் என்று மூன்று தனித்தனி வேலைகளைப் போடுவார்கள். சில படங்களில் மூன்றும் ஒரே ஆள், சில படங்களில் மூன்று பேர். கதை என்பது ‘யாருக்கு என்ன நடக்கிறது’. திரைக்கதை என்பது ‘எந்தக் காட்சி முதலில், எது அப்புறம், எதை எவ்வளவு நேரம் காட்டுவது’. வசனம் என்பது பாத்திரங்கள் பேசுவது. இது மூன்றும் வேறு வேறு திறமை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1960களின் மார்வெல் இதழில் இந்தப் பிரிவினை கிடையாது. முதல் பக்கப் பெட்டியில் எழுத்து ஸ்டான் லீ, ஓவியம் ஜாக் கிர்பி என்ற ரீதியில் போட்டிருக்கும். எழுத்து என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் அடங்கியிருப்பதாக வாசகர் எடுத்துக்கொள்வார். உண்மையில் வசனம் ஸ்டான் லீயுடையது. திரைக்கதை பெரும்பாலும் ஓவியருடையது. கதை சில சமயம் இருவருடையது, சில சமயம் ஓவியருடையது மட்டும்.

வழக்கமான முறை எது

அதே காலத்தில் போட்டி நிறுவனமான டிசியில் வேலை ஒழுங்காக, வரிசையாக நடந்தது. எழுத்தாளர் முதலில் முழு ஸ்கிரிப்ட் கொடுப்பார். முழு ஸ்கிரிப்ட் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தெரிய வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்று எல்லாம் எழுதப்பட்ட பிரதி. எடிட்டர் அதைத் திருத்துவார். பிறகுதான் ஓவியரிடம் போகும். 1956இல் வந்த ‘ஷோகேஸ்’ 4ஆம் இதழில் புதிய ஃப்ளாஷ் என்ற சூப்பர்ஹீரோ அறிமுகமானபோது ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் எடிட்டர், ராபர்ட் கானிகர் அறிமுகக் கதையின் எழுத்தாளர், கார்மைன் இன்ஃபான்டினோ ஓவியர். யார் என்ன செய்தார்கள் என்பதில் பெரிய குழப்பம் இல்லை.

(டிசியிலும் வேடிக்கைகள் உண்டு. ஷ்வார்ட்ஸ் பல நேரம் அட்டைப்படத்தை முதலில் வரையச் சொல்லிவிட்டு, ‘இந்த இக்கட்டில் ஹீரோ எப்படி மாட்டினான், எப்படித் தப்பித்தான் என்று கதை கொண்டு வா’ என்று எழுத்தாளர் தலையில் கட்டிவிடுவார். அது தனிக் கதை.)

மார்வெல் ஏன் மாறிப் போனது

காரணம் கலைக் கொள்கை எல்லாம் இல்லை. நேரமும் காசும்தான்.

1957இல் மார்வெலின் முன்னோடியான நிறுவனத்துக்கு விநியோகஸ்தர் இல்லாமல் போனது. கடைசியில் டிசியின் குழுமத்தைச் சேர்ந்த விநியோக நிறுவனத்திடமே போய் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் மாதத்துக்கு 8 இதழ்கள்தான் ஏற்றுவோம் என்று கட்டுப்பாடு விதித்தார்கள். அலுவலகம் சுருங்கியது. எடிட்டர், முக்கிய எழுத்தாளர், விளம்பர வாசகம் எழுதுகிறவர், எல்லாமே ஏறக்குறைய ஸ்டான் லீ ஒருவர்தான். 1961இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ வந்து ஓட ஆரம்பித்ததும் அடுத்தடுத்து ஹல்க், ஸ்பைடர்மேன், தோர், அயர்ன்மேன், எக்ஸ்மென் என்று வரிசை நீண்டது. வசனம் எழுத வேண்டிய ஆள் மட்டும் பெருகவில்லை.

ஓவியர்களோ சம்பளக்காரர்கள் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கிர்பிக்கு ஸ்டான் லீ முழு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது ஸ்டீவ் டிட்கோ வேலையை முடித்துவிட்டு வந்து நின்றால், டிட்கோவுக்கு அடுத்த ஸ்கிரிப்ட் கிடைக்கும்வரை வருமானம் கிடையாது. அதனால், ‘ஸ்கிரிப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், கதை இதுதான், நீங்கள் வரைந்துகொண்டு வாருங்கள், வசனத்தை நான் அப்புறம் போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்ததாக ஸ்டான் லீயே பல பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். அவசரத்துக்கு எடுத்த குறுக்குவழி, பிறகு நிறுவனத்தின் வழக்கமாகவே ஆகி, ‘மார்வெல் முறை’ என்று பேரும் வாங்கிக்கொண்டது.

அந்த முறை எப்படி நடக்கும்

தொடக்கம் ஒரு பேச்சு. அலுவலகத்திலோ தொலைபேசியிலோ ஸ்டான் லீயும் ஓவியரும் பேசுவார்கள். சில நேரம் ஓரிரு பக்கத்தில் தட்டச்சு செய்த கதைச் சுருக்கம், அதாவது சினாப்சிஸ் இருக்கும். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழுக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. அது கிர்பியோடு பேசுவதற்கு முன் எழுதியதா, பின் எழுதியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நாளாக ஆக, நம்பிக்கையான ஓவியர்களிடம் சுருக்கம்கூடப் போகாது. ‘அடுத்த மாதம் வில்லன் டாக்டர் டூமைத் திரும்பக் கொண்டு வரலாம்’ என்கிற அளவுக்குப் பேச்சு சுருங்கிவிட்டது.

பிறகு ஓவியர் வீட்டில் உட்கார்ந்து 20 பக்கங்களைப் பென்சிலில் வரைவார். எந்தச் சண்டைக்கு எத்தனை கட்டம், யார் முகத்தை நெருக்கத்தில் காட்டுவது, எங்கே நிறுத்தினால் வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார், இடையில் புதிதாக யாரை நுழைப்பது என்று எல்லாம் அவர் முடிவு. கிர்பி இன்னொன்றும் செய்வார். பக்கத்தின் ஓரத்தில், ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன நடக்கிறது, யார் என்ன மாதிரி பேசுகிறார்கள் என்று பென்சிலில் கிறுக்கி அனுப்புவார். இவைதான் ஓரக் குறிப்புகள். அசல் பக்கங்கள் பலவற்றில் அவற்றை இன்றும் படிக்க முடிகிறது. யார் எதை யோசித்தார் என்ற வழக்கில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பென்சில் பக்கங்கள் ஸ்டான் லீ மேசைக்கு வரும். அவர் படங்களைப் பார்த்து வசனம் தட்டச்சு செய்வார். பேச்சு பலூன்களும், விவரிப்புப் பெட்டிகளான கேப்ஷன்களும் எங்கே உட்கார வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பார். அடுத்து லெட்டரர் கையால் எழுத்துகளைப் பொறிப்பார். ஆர்ட்டி சிமெக், சாம் ரோசன் இந்த வேலையில் முக்கியமானவர்கள். கடைசியாக இங்க்கர் பென்சில் கோடுகளின் மேல் மை ஏற்றுவார். கிர்பியின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் பக்கங்கள் 1965க்குப் பிறகு அவ்வளவு பளபளப்பாகத் தெரிவதற்கு ஜோ சினாட்டின் மைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: டிசியில் வார்த்தை முதலில், படம் பிறகு. மார்வெலில் ஒரு பேச்சு, அப்புறம் படம், கடைசியில் வார்த்தை. வரிசை மாறியதும் ‘எழுத்தாளர்’ செய்கிற வேலையே வேறாகிவிட்டது.

சர்ஃப் பலகையோடு வந்தவன்

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் 1966 மார்ச் முதல் மே வரை தேதியிட்ட ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 48, 49, 50 ஆகிய மூன்று இதழ்களை எடுங்கள். கிரகங்களின் உயிர்ச்சக்தியை உண்டு வாழும் கலாக்டஸ் பூமிக்கு வரும் கதை. சூப்பர்ஹீரோ காமிக்ஸின் உச்சங்களில் ஒன்று என்று எல்லோரும் கொண்டாடுவது.

கலாக்டஸ் வருகிறான், ஹீரோக்கள் எப்படியோ தடுக்கிறார்கள் என்ற அளவில் பேச்சு நடந்தது. கிர்பி பக்கங்களைக் கொண்டு வந்தபோது வெள்ளி நிறத்தில் ஒரு ஆள் விண்வெளியில் சர்ஃப் பலகை மேல் நின்று போய்க்கொண்டிருந்தான். ‘இது யார்?’ என்று ஸ்டான் லீ கேட்க, இவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால் போய் கிரகம் தேட ஒரு தூதுவன் வேண்டாமா என்று கிர்பி சொன்னாராம். சில்வர் சர்ஃபர் பிறந்தது இப்படி. இதை அடிக்கடி சொல்லிச் சிரித்தவர் ஸ்டான் லீயேதான் என்பதால் இதில் சர்ச்சைக்கு இடமில்லை. கதையின் உணர்ச்சி மையமே அந்தப் பாத்திரம்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பார்வையற்ற சிற்பி அலிசியா அவனோடு பேசி, மனித உயிருக்கு மதிப்பு உண்டு என்று புரியவைக்கிறாள். அவன் தன் எஜமானுக்கு எதிராகத் திரும்புகிறான். தண்டனையாகப் பூமியிலேயே அடைக்கப்படுகிறான். முழு ஸ்கிரிப்ட் முறையில் இப்படி ஒருவன் உள்ளே வந்திருக்கவே முடியாது.

அதே மூன்று இதழ்களில் இந்த முறையின் பலவீனத்தையும் பார்க்கலாம். கலாக்டஸ் கதை என்று ஆசையாக 48ஆம் இதழைத் திறந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முந்தைய கதையின் மிச்சம். இன்ஹ்யூமன்ஸ் என்ற இன்னொரு கூட்டத்தின் விவகாரத்தை முடித்துவிட்டுத்தான் நியூயார்க்கே வருகிறார்கள். கலாக்டஸ் தரிசனம் தருவது கடைசிப் பக்கத்தில். (அண்டத்தையே நடுங்க வைக்கிறவன் மார்பில் ‘ஜி’ என்று ஆங்கில எழுத்து. நல்லவேளை, அது நிலைக்கவில்லை.) 50ஆம் இதழில் இதற்கு நேர்மாறு. கலாக்டஸ் போய்விடுகிறான், உலகம் பிழைத்தது, ஆனால் இதழில் இன்னும் பல பக்கங்கள் பாக்கி. ஃபென்டாஸ்டிக் ஃபோர் அணியின் ஜானி ஸ்டார்ம் கல்லூரியில் சேரப் போகிறான், வையட் விங்ஃபுட் என்ற புது நண்பனைச் சந்திக்கிறான், கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் புலம்புகிறார்.

முதல் முறை படிக்கிறவர்களுக்கு அச்சுப்பிழையோ என்று தோன்றும். முழு ஸ்கிரிப்டில் எடிட்டர் இதை முதலிலேயே பிடித்திருப்பார், மூன்று இதழுக்கும் சரியாகப் பங்கு போட்டிருப்பார். இங்கே கிர்பி கதை போகிற போக்கில் வரைந்துகொண்டே போகிறார், 20 பக்கம் எங்கே முடிகிறதோ அங்கே இதழும் முடிகிறது. எனக்கு இந்தக் கோணல் பிடிக்கும். உலகம் அழியாமல் தப்பித்த மறுநாள் ஒருவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்குவது மார்வெலுக்கே உரிய சுவை. ஆனால் அதைத் திட்டமிட்ட மேதைமை என்று விமர்சனத்தில் எழுதினால் கொஞ்சம் அதிகம்.

இயந்திரத்துக்கு அடியில் ஸ்பைடர்மேன்

இரண்டாவது உதாரணம் 1966 பிப்ரவரி தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 33. ஓவியர் ஸ்டீவ் டிட்கோ. இந்த நேரத்துக்குள் அவரும் ஸ்டான் லீயும் நேரில் பேசிக்கொள்வதே நின்றிருந்தது. டிட்கோ தானாகக் கதை யோசித்து, வரைந்து, பக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போவார். இந்த மாதம் வில்லன் யார் என்பதே பக்கங்கள் வந்த பிறகுதான் ஸ்டான் லீக்குத் தெரியும். 1965இல் டிட்கோ கேட்டு வாங்கிய அங்கீகாரமாக, கதையமைப்பும் அவருடையது என்று பெயர்ப் பெட்டியிலேயே போட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கால மார்வெலில் அது பெரிய விஷயம்.

மே அத்தை மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். அவரைக் காப்பாற்றும் மருந்துக் குப்பி கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் கிடக்கிறது. ஸ்பைடர்மேன் மேல் ஒரு பெரிய இயந்திரம் விழுந்து அமுக்கியிருக்கிறது, மேலே இருந்து தண்ணீர் சொட்டுகிறது. கதை அவ்வளவுதான். தூக்க வேண்டும். டிட்கோ இதற்கு முதல் ஐந்து பக்கங்களைக் கொடுக்கிறார். முதலில் குனிந்த தலை, நடுங்கும் கை, மாமாவும் அத்தையும் மனதில் தோன்றும் முகங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு கட்டம். முதுகு அங்குலம் அங்குலமாக நிமிர, கட்டமும் கூடவே வளர்கிறது. ஐந்தாம் பக்கம் முழுக்க ஒரே படம். இயந்திரம் மேலே, அவன் நிமிர்ந்துவிட்டான்.

இந்த ஐந்து பக்கங்களைப் பலூன்களைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். ஒன்றும் குறையாது. பிறகு வார்த்தைகளோடு படியுங்கள். என் கணக்கில் ஸ்டான் லீ இங்கே கொஞ்சம் அதிகம் பேசுகிறார். நாம் கண்ணால் பார்ப்பதையே அவன் வாய்விட்டுச் சொல்கிறான். ஆனால், ‘மாமாவைக் கைவிட்டேன், அத்தையைக் கைவிட மாட்டேன்’ என்கிற அந்தப் பழைய குற்ற உணர்ச்சியை வார்த்தையால் இழுத்துக்கொண்டு வந்து இந்த இயந்திரத்தோடு கட்டியவர் அவர். படம் மட்டும் என்றால் ஒரு பலசாலி பாரம் தூக்குகிறான். வார்த்தையும் சேர்ந்தால்தான் தூக்குவது பீட்டர் பார்க்கர்.

அப்போ ஸ்டான் லீ செய்தது என்ன?

குறைவில்லை. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் வரும் பென் கிரிம்மின் முரட்டு நியூயார்க் பேச்சு, சண்டைக்கு நடுவே ஸ்பைடர்மேன் அடிக்கும் நையாண்டி, தோரின் பழங்கால நடை, இவை எல்லாம் காதில் வேறு வேறாக ஒலிப்பது அவருடைய கைவண்ணம். ஒரு இதழில் நடந்ததை இன்னொரு இதழின் அடிக்குறிப்பில் ஞாபகப்படுத்தி, எல்லாம் ஒரே ஊரில் நடக்கிறது என்று நம்பவைத்ததும், வாசகர் கடிதப் பகுதியில் தோளில் கைபோட்டுப் பேசியதும் அவர்தான். எடிட்டராக, எந்த ஓவியருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்தவரும் அவரே.

ஸ்டான் லீயும் கிர்பியும் பிரிந்த பிறகு நடந்தது ஒரு நல்ல சோதனை. கிர்பி 1970இல் டிசிக்குப் போய் தானே எழுதி வரைந்தார். டார்க்சைட் என்ற வில்லன் அந்தக் காலத்துப் படைப்பு. கற்பனை கட்டுக்கடங்காமல் கொட்டுகிறது. ஆனால் எல்லோரும் மேடையில் முழங்குகிற மாதிரியே பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஸ்டான் லீ பக்கம் பார்த்தால், கிர்பியும் டிட்கோவும் போன பிறகு அந்த வேகத்தில், அந்தத் தரத்தில் புதிய பாத்திரங்கள் அவர் பெயரில் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் எது குறைந்தது என்று பார்த்தாலே யார் எதைக் கொண்டு வந்தார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கூலி யாருக்கு

சண்டையின் வேர் இங்கேதான். எழுத்துக்குத் தனிக் கூலி, ஓவியத்துக்குத் தனிக் கூலி. பேச்சிலிருந்து கதையை உருவாக்கும் வேலை ஓவியர் தலையில் விழுந்தாலும் எழுத்துக் கூலி வசனம் எழுதியவருக்கே போனது. ‘டேர்டெவில்’ வரைந்த வாலி வுட் இதைச் சகிக்காமல்தான் சீக்கிரம் வெளியேறினார். கிர்பியின் மனக்கசப்பு வேறு விதம். 1968இல் சில்வர் சர்ஃபருக்குத் தனி இதழ் தொடங்கியபோது அது ஜான் புசேமாவிடம் போனது. அதில் சர்ஃபர், காதலியைப் பிரிந்து வந்த நோரின் ராட் என்ற மனிதன் ஆகிவிட்டான். கிர்பி மனதில் இருந்தது, மனித வாழ்க்கையே தெரியாத, வெறும் சக்தியால் ஆன உயிர். அவர் வரைந்த பாத்திரத்தின் பூர்வகதையை அவரைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள்.

கிர்பி 1994இல் இறந்தார். அவருடைய வாரிசுகள் உரிமை கேட்டதால் எழுந்த வழக்கு நீதிமன்றங்களில் மார்வெலுக்குச் சாதகமாகவே போய், அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுக்குமா என்ற கட்டத்தில் 2014இல் சமரசமாக முடிந்தது. அதற்குப் பிறகு மார்வெல் இதழ்களில் கிர்பியின் பெயரும் படைப்பாளர் என்று சேர்ந்து வருகிறது.

சுருக்கமாக: முறை ஓவியருக்குச் சுதந்திரம் கொடுத்தது, அந்தச் சுதந்திரத்துக்குரிய பேரையும் பணத்தையும் கொடுக்கவில்லை.

பழைய இதழ் கைக்கு வந்தால்

முதல் சுற்றில் வார்த்தைகளைப் படிக்காதீர்கள். படங்களை மட்டும் வைத்துக் கதை எவ்வளவு புரிகிறது என்று பாருங்கள். நல்ல மார்வெல் இதழ் என்றால் பெரும்பகுதி புரியும். இரண்டாம் சுற்றில் வார்த்தைகள் புதிதாக என்ன சேர்க்கின்றன என்று கவனியுங்கள். பலூன் படத்தையே திரும்பச் சொல்கிற இடம், படத்தில் ஒருவன் சிரிக்க வசனத்தில் அவன் குமுறுகிற இடம், திடீரென்று ஒரு கேப்ஷன் வந்து ஓட்டையை அடைக்கிற இடம் என்று தையல் தெரியும் இடங்கள் கண்ணில் படும்.

விமர்சனம் எழுதினால் ‘கதை’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போடாமல் காட்சியமைப்பு, வசனம் என்று பிரித்து எழுதுங்கள். அட்டையிலுள்ள மாதம் உண்மையில் கடைக்கு வந்த மாதம் இல்லை, இதழ் இரண்டு மூன்று மாதம் முன்பே விற்பனைக்கு வந்திருக்கும். டிஜிட்டல் மறுபதிப்புகளில் வண்ணத்தைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். அந்த மழமழப்பான வண்ணத்துக்காகக் கிர்பியையோ அன்றைய வண்ணக்காரரையோ திட்டவும் வேண்டாம், புகழவும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்றால் ஸ்பைடர்மேன் 31, 32, 33. மூன்றும் ஒரே கதை, முன்கதை அதிகம் தேவையில்லை. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஐ அதற்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வரும் இன்ஹ்யூமன்ஸ் பக்கங்கள் புரியவில்லை என்று மூடிவிடாமல் நியூயார்க் வரும்வரை புரட்டுங்கள்.